கனடாவில் முதல் ஆண்டு: கொண்டுவந்த காசை எதில் போடலாம், எதைத் தள்ளிப்போடலாம்

டொரான்டோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கும் ஒரு குடும்பத்தின் கையில் 20,000 அல்லது 25,000 கனடிய டாலர் இருக்கலாம். ஊரில் நிலத்தையோ நகையையோ தொட்டுச் சேர்த்த காசு அது. வேலை இன்னும் கிடைத்திருக்காது. ஆனால் முதல் இரண்டு மாதத்துக்குள் வங்கி, கிரெடிட் கார்டு, வீடு, கார், சேமிப்பு, ஊரில் விட்டுவந்த சொத்து என்று வரிசையாக முடிவெடுத்தாக வேண்டும். தெரிந்தவர், உறவுக்காரர், முகவர் என ஆளுக்கொரு பக்கம் இழுப்பதும் அந்த இரண்டு மாதத்தில்தான்.

இங்கே ஒவ்வொரு தேர்வையும் ஒரே கேள்வியை வைத்து ஒப்பிட்டிருக்கிறோம். வேலை வேறு ஊரில் கிடைத்துவிட்டது, வீடு ஒத்துவரவில்லை, அவசரமாக ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றால், இதிலிருந்து வெளியே வர எவ்வளவு காசு போகும், எத்தனை நாள் ஆகும்? மாதம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள், இதைக் கேட்பவர்கள் குறைவு. முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் வீடும் வேலையும், சில சமயம் நகரமுமே மாறிவிடுவதால் இந்தக் கேள்விக்குத்தான் அதிக எடை தர வேண்டும். வாடகை, வாகனம் பற்றிய விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். இங்கே சொல்லியிருப்பவை ஒன்டாரியோவுக்கு உரியவை.

பெரிய வங்கியா, கட்டணமில்லா ஆன்லைன் வங்கியா

ஆர்.பி.சி., டி.டி., ஸ்கோஷியா, பி.எம்.ஓ., சி.ஐ.பி.சி. என்ற ஐந்து பெரிய வங்கிகளும் புதிதாக வந்தவர்களுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஓராண்டு வரை மாதக் கட்டணம் இல்லை. கனடாவில் கடன் வரலாறு இல்லாமலே ஒரு கிரெடிட் கார்டு தருவார்கள். சில திட்டங்களில் லாக்கரும் கொஞ்ச காலத்துக்கு இலவசம், நகையோடு வருபவர்களுக்கு அது பெரிய உதவி. டாஞ்சரின், சிம்ப்ளி, ஈ.க்யூ. போன்றவற்றில் மாதக் கட்டணம் எப்போதுமே கிடையாது, சேமிப்புக்கு வட்டியும் கூடுதல். ஆனால் வழக்கமான கிளை இல்லை, வாடகைக்கு டிராஃப்ட் வாங்குவது சிரமம், வந்த முதல் வாரத்தில் கிரெடிட் கார்டு கிடைப்பதும் அரிது.

முதல் வாரத்தில் பெரிய வங்கிக்குப் போவதுதான் சரி. கவனிக்க வேண்டியது இலவச ஆண்டு முடியும் தேதி. அதற்குப் பிறகு கணக்கின் வகையைப் பொறுத்து மாதம் 11 முதல் 30 டாலர் வரை சத்தமில்லாமல் பிடிக்கத் தொடங்குவார்கள். அது வேண்டாமென்றால் கணக்கின் வகைக்கேற்ப சில ஆயிரம் டாலரை எப்போதும் கணக்கில் வைத்திருக்கச் சொல்வார்கள். பத்தாவது மாதத்தில் கட்டணமில்லாக் கணக்கு ஒன்றைத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்றிவிடுங்கள். பழைய வங்கியில் கார்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கணக்கை மூடக் காசு எதுவும் போகாது. கார்டை மூடினால் கடன் வரலாற்றின் நீளம் குறையும், அதனால் அது இருக்கட்டும்.

சம்பளம் வரவேண்டிய கணக்கின் விவரத்தை முதலாளி கேட்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். வங்கிச் செயலியில் டைரக்ட் டெபாசிட் படிவம் என்று ஒன்று இருக்கும். அதில் கிளைக்கு 5 இலக்கம், வங்கிக்கு 3 இலக்கம், பிறகு கணக்கு எண் என்ற வரிசையில் போட்டிருக்கும். சில படிவங்கள் 3 இலக்க வங்கி எண்ணை முதலில் கேட்கும். வரிசையைப் பார்க்காமல் எழுதினால் முதல் சம்பளம் இரண்டு வாரம் அலையும். கையால் எழுதாமல் படிவத்தை அப்படியே பி.டி.எஃப்.பாக அனுப்பிவிடுவது நல்லது.

ஊரிலிருந்து காசு வரவழைக்கும்போது அனுப்பும் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். 15, 20 டாலர் கட்டணம் கண்ணுக்குத் தெரியும். மாற்று விகிதத்தில் வங்கி ஒதுக்கிக்கொள்ளும் 2, 3 சதவீதம் தெரியாது. 20,000 டாலருக்கு 2.5 சதவீதம் என்றால் 500 டாலர். இரண்டு இடத்தில் கேட்டு, கடைசியில் கையில் எத்தனை கனடிய டாலர் விழும் என்ற ஒரே எண்ணை ஒப்பிடுங்கள்.

கிரெடிட் கார்டு: யார் பெயரில், எந்த வகை

கடனைக் கட்டிய ஒழுங்குக்கு இந்தியாவில் தரும் சிபில் மதிப்பெண் தானாக இங்கே வந்து சேராது. கனடாவில் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்களிடமும் உங்கள் பெயரில் வெற்றுத்தாள்தான் இருக்கும். 300 முதல் 900 வரை போகும் மதிப்பெண் அந்தத் தாளில் ஏறத்தான் முதல் ஆண்டின் உழைப்பு. அடுத்த வீட்டு வாடகைக்கும், கார் கடன் வட்டிக்கும், பிற்பாடு வீட்டுக் கடனுக்கும் அதைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று வழி உண்டு. வங்கியின் புதியவர் திட்டத்தில் வரும் சாதாரண கார்டு முதல் தேர்வு. அது கிடைக்கவில்லையென்றால் செக்யூர்டு கார்டு: 500 டாலர் முன்பணம் கட்டினால் 500 டாலர் வரம்பு கிடைக்கும், கார்டை ஒழுங்காக நடத்தி மூடும்போது முன்பணம் திரும்ப வரும். மூன்றாவது, கணவரின் கார்டில் மனைவிக்கோ மனைவியின் கார்டில் கணவருக்கோ துணைக் கார்டு வாங்குவது. வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான், கனடாவில் பயன் குறைவானதும் இதுதான். துணைக் கார்டு வைத்திருப்பவர் பெயரில் பெரும்பாலும் கடன் வரலாறு ஏறாது. மூன்று ஆண்டு கழித்து வீட்டுக் கடனுக்கு இருவர் சம்பளத்தையும் காட்டப் போகும்போது ஒருவருடைய தாள் வெறுமையாகக் கிடக்கும். பிரிவோ மரணமோ நேர்ந்தால் அந்த ஒருவர் பெயரில் வாடகைக்கு வீடு பிடிப்பதே கடினமாகிவிடும். 500 டாலர் வரம்பு என்றாலும் இருவருக்கும் தனித்தனிக் கார்டு வேண்டும்.

கார்டை எப்படி நடத்துவது என்பதை ஒரு மாதக் கணக்கை வைத்தே பார்க்கலாம். வரம்பு 1,000 டாலர். ஸ்டேட்மென்ட் 14-ஆம் தேதி வருகிறது, கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 5. மளிகை, பஸ், போன் எல்லாம் சேர்த்து 850 டாலர் செலவு. 5-ஆம் தேதிக்குள் 850-ஐயும் கட்டினால் வட்டி ஒரு காசு கிடையாது. ஆனால் ஈக்விஃபேக்ஸுக்குப் போவது பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் நாளில் இருந்த பாக்கி. அதாவது வரம்பில் 85 சதவீதத்தைத் தின்றவர் என்று பதிவாகிறது, மதிப்பெண் இறங்குகிறது. அதே ஆள் 10-ஆம் தேதியே 600 டாலர் கட்டிவிட்டால் ஸ்டேட்மென்ட்டில் 250 மட்டும் நிற்கும், 25 சதவீதம். செலவும் வட்டியும் அதேதான், மதிப்பெண்தான் வேறு. 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது நல்லது. வேறு வங்கியிலிருந்து கட்டினால் இரண்டு மூன்று வேலை நாள் பிடிக்கும், அதனால்தான் 13-ஐ விட்டு 10 என்று சொன்னோம்.

கார்டிலிருந்து ரொக்கம் எடுக்காதீர்கள். பொருள் வாங்கினால் குறைந்தது 21 நாள் வட்டியில்லாக் காலம் சட்டப்படி உண்டு. ரொக்கத்துக்கு அது கிடையாது, எடுத்த நிமிடத்திலிருந்து 22 சதவீதத்தை ஒட்டிய வட்டி ஓடும். ஊருக்குக் காசு அனுப்பும் செயலியில் கிரெடிட் கார்டு எண்ணைப் போட்டாலும் பல வங்கிகள் அதை ரொக்கமாகத்தான் கணக்கு வைக்கும். அங்கே டெபிட் கார்டைப் பயன்படுத்துங்கள். அடுத்த சம்பளம் வரும் வரை குறுங்கடன் தரும், தெருமுனைப் பே டே கடன் கடைகளில் 100 டாலருக்கு 14 டாலர் கட்டணம் வாங்கலாம். இரண்டு வாரக் கடனுக்கு 14 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 364 சதவீதம். கனடாவின் 35 சதவீத வட்டி உச்சவரம்பிலிருந்து அவற்றுக்கு விலக்கு இருப்பதால் இது சட்டப்படியே நடக்கிறது.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் தமிழர்களிடையே சீட்டு இன்னும் ஓடுகிறது. வங்கியை விடச் சுலபம், படிவம் இல்லை, தெரிந்த முகங்கள். ஆனால் அதில் கட்டும் காசு கடன் வரலாற்றில் ஏறாது. வங்கி வைப்புக்கு ஒவ்வொரு வங்கியிலும் 1,00,000 டாலர் வரை இருக்கும் காப்பீடும் அதற்கு இல்லை. புதிதாகச் சேர்ந்தவரைப் பெரும்பாலும் பின்வரிசையில்தான் எடுக்க விடுவார்கள். அப்படியென்றால் நீங்கள் பல மாதம் மற்றவருக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், கையில் எழுத்து எதுவும் இல்லாமல். நடுவில் விலகினால் கட்டியது எப்போது வரும் என்பது முழுக்கச் சீட்டுக்காரரின் நேர்மையைப் பொறுத்தது. ஆட்களை நன்றாகத் தெரிந்துகொள்ளும் வரை வேண்டாம்.

பேஸ்மென்டா, அபார்ட்மென்டா, காண்டோவா

முதல் ஆண்டில் அதிகக் காசு போகும் இடம் இதுதான். தவறினால் மனம் அதிகம் நோவதும் இங்கேதான்.

வீட்டுக்காரர் மேலே இருக்க, கீழ்த்தளத்தில் குடியிருப்பது பேஸ்மென்ட். ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான பழைய அடுக்குமாடிக் கட்டடம் அபார்ட்மென்ட். தனித்தனி உரிமையாளர்கள் வைத்திருக்கும் அடுக்குமாடி வீடு காண்டோ. மாத வாடகை பேஸ்மென்டில் சில நூறு டாலர் குறைவாக இருக்கும். அந்தச் சில நூறைப் பார்த்தே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். சேர்த்துப் பார்க்க வேண்டியவை வேறு. மின்சாரம், தண்ணீர், எரிவாயுவில் 30, 40 சதவீதம் தனியாகக் கேட்பார்களா? துணி துவைக்கும் எந்திரம் உள்ளே இருக்கிறதா, வாரம் ஒருநாள்தான் அனுமதியா? பனி அள்ளுவது யார்? பஸ் நிறுத்தத்துக்கு ஜனவரி இருட்டில் எத்தனை நிமிடம் நடக்க வேண்டும்?

நேரில் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். பார்க்கும்போது முதலில் ஜன்னலைப் பாருங்கள்: வாசல் தீப்பிடித்தால் அது வழியாக ஒரு ஆள் ஏறி வெளியே போக முடியுமா? புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கின்றனவா, பொத்தானை அழுத்தினால் கத்துகின்றனவா? தரையை ஒட்டிய மரப்பட்டியில் விரலை வைத்துத் தடவுங்கள். ஈரமோ கறுப்புப் பூசணமோ பட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் வீடு அது. சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்து ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தால் அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள், அங்கே மறைக்க முடியாது. கடைசியாக, தெர்மோஸ்டாட் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் மேல்மாடியில் இருக்கும். வெப்பம் தருவது வீட்டுக்காரரின் பொறுப்பு என்றால் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 டிகிரி தரவேண்டும் என்பது ஒன்டாரியோ விதி. மேலே இருப்பவர் வேலைக்குப் போகும்போது குறைத்துவிட்டுப் போனால் கீழே குழந்தை நடுங்கும்.

சட்டப் பாதுகாப்பில் ஒரு பெரிய பிளவு உண்டு. சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தோடோ பகிர்ந்துகொள்ள வேண்டிய குடியிருப்புக்கு ஒன்டாரியோவின் வாடகைக் குடியிருப்புச் சட்டமே பொருந்தாது. நாளைக்குக் காலி செய்யச் சொன்னால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போக வழியில்லை. தனி ஆளாக வந்து ஓர் அறையில் தங்குபவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் அது போதும், மாதாமாதம் காலி செய்துகொண்டு போகலாம் என்பது அதில் ஒரு வசதியும்கூட. குடும்பத்தோடு வருபவர்கள் தனிச் சமையலறை, தனிக் குளியலறை இல்லாத இடத்துக்குப் போகக் கூடாது.

தனிக் குடியிருப்பென்றால் ஒன்டாரியோ அரசின் பொது லீஸ் படிவத்தில் எழுதி வாங்குங்கள். தரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் வரவில்லையென்றால் ஒரு மாத வாடகையை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. முன்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டும்தான் கேட்கலாம். சேத வைப்பு கேட்பது சட்டவிரோதம். பின்தேதியிட்ட காசோலை கொடுத்தால்தான் வீடு என்றும் சொல்ல முடியாது. கடன் வரலாறு இல்லை, வேலை இல்லை, ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுங்கள் என்று கேட்பது நடைமுறையில் சகஜம். அதற்கும் சட்டத்தில் இடமில்லை. அப்படிக் கொடுத்தால் கொண்டுவந்த காசில் பாதி ஒரே ஆளின் கையில் போய்விடும், வீடு மோசமாக இருந்தாலும் பேச வாய் வராது. அதற்குப் பதில் வங்கி இருப்புச் சான்று, வேலைக்கான கடிதம் இருந்தால் அது, இங்கே நிலையாக இருக்கும் உறவினரின் உத்தரவாதக் கையெழுத்து ஆகியவற்றைக் கொடுத்துக் கேளுங்கள். பெரிய அபார்ட்மென்ட் நிறுவனங்கள் இவற்றை ஏற்பது வழக்கம், தனி ஆள் வீட்டுக்காரர்கள்தான் தயங்குவார்கள்.

வாடகை ஏற்றத்திலும் வித்தியாசம் இருக்கிறது. 2018 நவம்பர் 15-க்கு முன்பே மக்கள் குடியிருந்த வீடென்றால் ஆண்டுக்கு ஒருமுறை அரசு சொல்லும் அளவுக்குத்தான் ஏற்றலாம்: 2025-இல் 2.5 சதவீதம், 2026-இல் 2.1 சதவீதம். அதற்குப் பிறகு வந்த புதுக் காண்டோக்களுக்கும், பின்னர் உருவாக்கிய பல பேஸ்மென்டுகளுக்கும் அந்த உச்சவரம்பு கிடையாது. 90 நாள் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். பளபளப்பான புதுக் காண்டோவில் முதலாண்டு கழிந்ததும் 300 டாலர் ஏறினால், பிள்ளையின் பள்ளியை மாற்றுவதா வாடகையைக் கொடுப்பதா என்ற நிலை வரும். இங்கே எந்தப் பள்ளி என்பதை முகவரிதான் தீர்மானிக்கிறது.

வெளியே வரும் செலவு: ஓராண்டு லீஸ் முடிந்ததும் அது தானாக மாதவாரியாக மாறிவிடும், புதிதாகக் கையெழுத்துப் போடத் தேவையில்லை. அதன் பிறகு 60 நாள் முன்னறிவிப்பு போதும், அந்த 60 நாள் ஒரு வாடகை மாதத்தின் கடைசியில் முடிய வேண்டும். ஆகஸ்ட் 31-இல் காலி செய்ய ஜூலை 1-க்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஜூலை 10-இல் கொடுத்தால் செப்டம்பர் வாடகையும் உங்கள் தலையில் விழும்.

பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு மாதம் 200, 300 டாலர் கூடினாலும் பழைய அபார்ட்மென்ட்தான் எங்கள் தேர்வு. தம்பதி மட்டும் என்றால், தனி வாசலும் எழுதிய லீஸும் உள்ள பேஸ்மென்ட் முதல் ஆண்டுக்கு நல்ல ஏற்பாடு.

கார் இப்போதா, ஆறு மாதம் கழித்தா

டொரான்டோ பஸ், சப்வேயில் பிரெஸ்டோ என்ற பயண அட்டையைத் தட்டினால் 3.30 டாலர், இரண்டு மணிநேரம் வரை ஏறி இறங்கலாம், 12 வயது வரை குழந்தைகளுக்கு இலவசம். 2024 பிப்ரவரியிலிருந்து மிசிசாகா, பிராம்ப்டன், யார்க், டர்ஹம் பஸ்களிலிருந்து மாறும்போதும் இரண்டாவது கட்டணம் இல்லை. கார் என்றால் கடன் தவணை, பெட்ரோல், பார்க்கிங், இவற்றுக்கு மேல் இன்ஷூரன்ஸ். புதியவர்களுக்கு இன்ஷூரன்ஸ் மட்டுமே மாதம் 300 டாலரைத் தாண்டுவது சாதாரணம். கடன் வரலாறு இல்லாத நேரத்தில் கார் கடனுக்கு வட்டியும் அதிகம். அதை மறைக்க 84 மாதத் தவணை என்பார்கள். ஓராண்டில் விற்கப் போனால் காரின் விலை கடன் பாக்கியை விடக் கீழே இருக்கும். மிச்சத்தைக் கையிலிருந்து கட்டித்தான் வெளியே வர வேண்டும்.

வேலை டி.டி.சி. என்ற டொரான்டோ நகரப் போக்குவரத்தின் வழியில் இருந்தால் ஆறு மாதம் பொறுங்கள். பஸ் ஓடாத நேரத்தில் ஷிப்ட் உள்ள கிடங்கு வேலையென்றால் பொறுக்க முடியாது, அப்போது கடனில்லாமல் கைக்காசில் ஒரு பழைய கார். எப்படியானாலும் ஊரில் எத்தனை ஆண்டு ஓட்டினீர்கள் என்ற அதிகாரபூர்வச் சான்றைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அது இருந்தால் ஓட்டுநர் தேர்வுகளுக்கு இடையிலான நீண்ட காத்திருப்பைத் தவிர்க்கலாம்.

மிச்சக் காசு: டி.எஃப்.எஸ்.ஏ., ஆர்.ஆர்.எஸ்.பி., எஃப்.எச்.எஸ்.ஏ.

மூன்றும் கணக்கின் பெயர்கள்தான், முதலீட்டின் பெயர்கள் இல்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் சாதாரணச் சேமிப்பு, ஜி.ஐ.சி. என்ற நிலையான வைப்பு, பங்கு என எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

டி.எஃப்.எஸ்.ஏ.வில் வரும் வட்டிக்கும் லாபத்துக்கும் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் வரியில்லாமல் எடுக்கலாம். வெளியே வரச் செலவே இல்லாதது இது. இதில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 2009-இல் திட்டம் தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்த வரம்பு 2026-இல் 1,09,000 டாலர் என்று எங்கும் அட்டவணை போட்டிருக்கும். அது அப்போதிருந்தே இங்கே குடியிருப்பவருக்கு. உங்களுக்கு வந்த ஆண்டிலிருந்துதான் கணக்கு. 2025 நவம்பரில் வந்தவருக்கு அந்த ஆண்டின் 7,000 முழுதாக உண்டு, மாதத்துக்கு ஏற்பக் குறைக்க மாட்டார்கள். 2026 ஜனவரி 1-இல் இன்னொரு 7,000. மொத்தம் 14,000. இவர் 34,000 போட்டால் கூடுதலான 20,000-க்கு மாதம் 1 சதவீதம், அதாவது மாதம் 200 டாலர் அபராதம். எடுத்த காசைத் திரும்பப் போட அடுத்த ஜனவரி வரை பொறுக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போடும் காசை வரி கட்டும் வருமானத்திலிருந்து கழிக்கலாம், எடுக்கும்போது வரி கட்ட வேண்டும். வரம்பு முந்தைய ஆண்டின் கனடிய உழைப்பு வருமானத்தில் 18 சதவீதம். முந்தைய ஆண்டு நீங்கள் இங்கே இல்லை, ஆகவே வந்த ஆண்டில் வரம்பு பூஜ்யம். 2025-இல் 40,000 டாலர் சம்பாதித்தவருக்கு 2026-இல் 7,200 கிடைக்கும். முதலாளி தன் பங்கும் போடும் குழு ஆர்.ஆர்.எஸ்.பி.யில் முதல் மாதமே சேர்த்துவிட்டால், வரம்பைத் தாண்டி 2,000 டாலர் வரைதான் பொறுப்பார்கள், அதற்கு மேல் இங்கேயும் மாதம் 1 சதவீதம். மனிதவளப் பிரிவிடம் அடுத்த ஜனவரியிலிருந்து சேர்க்கச் சொல்லலாம். அவசரத்துக்கு எடுத்தால் தொகையைப் பொறுத்து 10, 20, 30 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள், எடுத்த வரம்பும் திரும்ப வராது. சம்பளம் குறைவான முதல் ஆண்டில் கழிவால் கிடைக்கும் லாபமும் சிறிது. காத்திருக்கலாம்.

2023 ஏப்ரலில் வந்த எஃப்.எச்.எஸ்.ஏ. முதல் வீடு வாங்கக் காசு சேர்ப்பவர்களுக்கு. போடும்போது ஆர்.ஆர்.எஸ்.பி. போல வரிக் கழிவு, வீடு வாங்க எடுக்கும்போது டி.எஃப்.எஸ்.ஏ. போல வரியில்லை. ஆண்டுக்கு 8,000, வாழ்நாளில் 40,000. கணக்கைத் திறந்த ஆண்டிலிருந்துதான் வரம்பு ஓடும். வீடு வாங்காவிட்டால் ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் தெரியாமல் தவறுகிறார்கள். கணக்குத் திறக்கும் ஆண்டிலோ அதற்கு முந்தைய 4 காலண்டர் ஆண்டுகளிலோ, நீங்களோ உங்கள் கணவர் அல்லது மனைவியோ உரிமையாளராக இருந்த வீட்டில் நீங்கள் குடியிருந்திருக்கக் கூடாது என்பது விதி. அந்த வீடு கனடாவில் இருக்க வேண்டும் என்றில்லை. தாம்பரத்திலோ கொக்குவிலிலோ சொந்த வீட்டில் 2025 வரை குடியிருந்துவிட்டு வந்தவர் 2030-இல்தான் எஃப்.எச்.எஸ்.ஏ. திறக்க முடியும். அப்பா அம்மா பெயரிலுள்ள வீட்டில் இருந்தவருக்குத் தடையில்லை. கனடாவில் வீடு வாங்கியதே இல்லையே என்று வங்கியில் டிக் அடித்துவிட்டால், பிற்பாடு வருமான வரித்துறை கேட்கும்போது கழிவையெல்லாம் திருப்பித் தரவேண்டி வரும்.

வரிசைப்படுத்தினால்: நான்கு மாதச் செலவைச் சாதாரணச் சேமிப்பில் வையுங்கள். அதற்கு மேல் இருப்பதை உங்கள் உண்மையான வரம்புக்குள் டி.எஃப்.எஸ்.ஏ.வில், அதுவும் சேமிப்பாகவோ எப்போதும் உடைக்கக்கூடிய ஜி.ஐ.சி.யாகவோ. முதல் ஆண்டில் பங்கு வேண்டாம், தேவைப்படும் மாதத்தில் விலை இறங்கியிருக்கலாம். வேலை நிலைத்ததும், தகுதி இருந்தால் எஃப்.எச்.எஸ்.ஏ. அதன் பிறகு ஆர்.ஆர்.எஸ்.பி.

பிள்ளைகள் இருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் குழந்தைகள் நலத்தொகைக்கு விண்ணப்பியுங்கள். ஆர்.சி. 66 படிவமும், நுழைந்த தேதியையும் வருமானத்தையும் கேட்கும் அதன் இணைப்பும் வேண்டும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை 6 வயதுக்குக் கீழ் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 7,997 டாலர் வரை, 6 முதல் 17 வரை 6,748 டாலர் வரை. நிரந்தரக் குடியுரிமையோடு வந்தவர்கள் உடனே விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் வந்தவர்கள் 18 மாதம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். கல்விச் சேமிப்பான ஆர்.இ.எஸ்.பி.யில் ஆண்டுக்கு 2,500 போட்டால் அரசு 500 சேர்க்கும். அதை வங்கியிலேயே திறங்கள். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ அறிமுகமாகும் முகவர் விற்கும் குழுக் கல்வித் திட்டங்களில் 60 நாளுக்குப் பிறகு விலகினால் சேர்க்கைக் கட்டணம் போய்விடும். சேமிப்போடு சேர்த்து விற்கும் ஆயுள் காப்பீடு அதைவிட இறுக்கம், விலகினால் பிடிக்கும் சரண்டர் கட்டணம் பல ஆண்டு வரை இருக்கும். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால், சேமிப்பு கலக்காத டெர்ம் காப்பீடு போதும். விற்பவர் சொந்தக்காரர் என்பதற்காகக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஊரில் இருப்பது: விற்பதா, வைத்துக்கொள்வதா

இந்த முடிவுக்கு அவசரமில்லை, ஆனால் அதற்கான காகிதத்துக்கு அவசரம் உண்டு. நகையில் உடனே கொண்டுவராததைப் படத்தோடும் மதிப்போடும் பட்டியலாக்கி, பின்னர் வரும் பொருட்கள் என்று முதல் முறை இறங்கும்போதே சுங்கத்தில் பதிந்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத நகையைப் பிறகு கொண்டுவந்தால் வரி கேட்கலாம். கையில் 10,000 கனடிய டாலருக்குச் சமமோ அதற்கு மேலோ இருந்தால் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால் வரி எதுவும் இல்லை, சொல்லாவிட்டால் பறிமுதல் வரை போகும்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அங்குள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அதிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்ப வழி இருப்பதால், வைப்பை இன்றே உடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போடும் என்.ஆர்.ஈ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதை நம்பி அதைக் கனடிய வரிப் படிவத்தில் விட்டுவிடுகிறார்கள். இங்கே குடியிருப்பவருக்கு உலகில் எங்கே வட்டி வந்தாலும் வரி உண்டு. வெளிநாட்டு வைப்பு, பங்கு, வாடகைக்கு விட்ட வீடு, காலி மனை எல்லாம் சேர்ந்து அடக்க மதிப்பில் 1,00,000 கனடிய டாலரைத் தாண்டினால், வெளிநாட்டுச் சொத்தை வரித்துறைக்குச் சொல்லும் டி 1135 படிவமும் உண்டு. வந்த ஆண்டுக்கு விலக்கு, இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டாயம். தாமதித்தால் நாளொன்றுக்கு 25 டாலர், 2,500 வரை.

அடக்க மதிப்பு என்பது நீங்கள் வாங்கிய விலை இல்லை, கனடாவில் குடியிருப்பாளரான நாளில் அந்தச் சொத்துக்கு இருந்த சந்தை விலை. 1998-இல் 2 லட்சத்துக்கு வாங்கிய மனை, வந்த நாளில் 40 லட்சம் பெறுகிறது, பத்தாண்டு கழித்து 70 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றால் கனடா பார்க்கும் லாபம் 30 லட்சம் மட்டும், அதிலும் பாதிதான் வருமானத்தில் சேரும். ஊரில் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 40 லட்சத்தைக் காட்டக் கையில் தாள் வேண்டும். பத்தாண்டு கழித்து, பழைய தேதிக்கு மதிப்பீட்டாளரைத் தேடி அலைவதைவிட, வந்த ஆண்டிலேயே பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் இறங்கிய தேதிக்குச் சான்று வாங்கி லேண்டிங் காகிதங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.